‘பல்லுத்தானே’ என்று பிற்போடலாமா?

“இருக்கிறதுக்கு ஒழுங்கான வீடில்லை. தோட்டம் செய்யக் காணியில்லை. இதுக்குள்ள பிள்ளையின்ர பல்லு மிதப்பெண்டு ஆர் ரீச்சர் பாக்கிறது? ஊருக்குப் போனாப் பிறகு பாப்பம்.”

ஒரு தாய் என்னிடம் இப்படிச் சொன்னார். அவருடைய மகனுக்கு எட்டு வயது. மேல் முன்பற்கள் கீழுதட்டின் மேல் கிடந்தன. வாயை முழுதாக மூட அவனால் முடியவில்லை. அந்தத் தாயைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு காலத்தில் நானும் அதே வார்த்தையைச் சொன்னவள்தான்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அடுத்த வருடம் வன்னியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருந்தோம். மகளுக்கு அப்போது 11 வயது. கீழ்க் கடைவாயில் ஒரு பல் சூத்தையாகி இரவிரவாக அழுவாள். கராம்பு வைத்துப் பார்த்தோம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தோம். கடைசியில் கொண்டுபோய்ப் பிடுங்குவித்தோம். “பாற்பல்லுத்தானே, திரும்ப முளைக்கும்” என்று அவளைத் தேற்றினேன்.

அது முளைக்கவில்லை. அது பாற்பல்லே அல்ல. ஆறு வயதில் முளைத்து வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் அது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் பின்னாலிருந்த பல் அந்த இடைவெளிக்குள் சரிந்தது. எதிரே இருந்த மேற்பல் கடிக்க ஒன்றும் இல்லாமல் கீழே இறங்கியது. அந்தப் பக்கத்தால் அவளுக்கு மெல்ல முடியவில்லை. 20 வயதில் பல் வைத்தியர் ஒருவரிடம் காட்டியபோது, சரிந்த பல்லை நிமிர்த்த நீண்ட காலம் கம்பி போட வேண்டும் என்றார். அந்த நேரம் எங்களிடம் பணமும் இருக்கவில்லை, ஓரிடத்தில் நிலையாக இருப்போம் என்ற உறுதியும் இருக்கவில்லை. இன்று அவள் இரண்டு பிள்ளைகளின் தாய். இன்னும் ஒரு பக்கத்தால்தான் சாப்பிடுகிறாள்.

நான் வைத்தியர் இல்லை, ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளுக்கு நடந்ததன் பிறகு கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பும் நாளுக்காக நாங்கள் காத்திருக்கலாம். வளரும் பிள்ளையின் தாடை காத்திருக்காது. பற்களும் தாடையும் பொருந்தாமல் போவதில் ஒரு பெரும் பகுதியை, உரிய வயதில் வாயைத் திறந்து பார்த்தாலே தடுக்கலாம், அல்லது சிறு செலவோடு முடிக்கலாம். தாமதம்தான் அதைப் பணக்காரரின் வைத்தியமாக்குகிறது.

ஆளில்லாக் காணியும் வேலியும்

பல் எலும்புக்குள் ஆணி அடித்ததுபோல் அசையாமல் இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம். அப்படியல்ல. ஒரு பல்லைத் தொடர்ந்து மெதுவாகத் தள்ளினால், தள்ளும் பக்கத்து எலும்பு கரையும். மறுபக்கத்தில் புது எலும்பு படியும். பல் நகரும். கம்பி போட்டுப் பல்லைச் சீராக்குவது இந்த இயல்பை வைத்துத்தான். அதே இயல்பால்தான் பற்கள் தாமாகக் கோணலாகியும் போகின்றன. நாக்கு உள்ளிருந்து தள்ளுகிறது, உதடும் கன்னமும் வெளியிலிருந்து தள்ளுகின்றன, பக்கத்துப் பற்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன. இந்தச் சமநிலை குழம்பினால் பல் இடம் மாறும்.

காணியை விட்டு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆளில்லாத காணிக்குள் பக்கத்து வேலி வருடத்துக்கு ஒரு கதியாலாக உள்ளே வரும். சொந்தக்காரன் திரும்பி வரும்போது வீடு கட்ட இடம் போதாது. வாய்க்குள்ளும் இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு பாற்பல்லும் தனக்குக் கீழே வளரும் நிரந்தரப் பல்லுக்காக இடத்தைக் காத்து நிற்கிறது. சூத்தையால் பாற்கடைவாய்ப் பல் நேரத்தோடு போய்விட்டால், பின்னாலுள்ள பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துவிடும். பிறகு வரவேண்டிய பல் இடமில்லாமல் வெளியே பிதுங்கும், உள்ளே சரியும், அல்லது எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆகவே “விழப்போற பல்லுத்தானே” என்று பாற்பல்லின் சூத்தையை விட்டுவிடுவது பெரிய பிழை. அடைக்கக்கூடியதை அடைப்பதே நல்லது. பிடுங்கத்தான் வேண்டுமென்றால், “இந்த இடத்தைக் காக்கக் கம்பி ஏதும் வைக்க வேணுமோ?” என்று கேளுங்கள். அப்படி ஒரு சிறு கம்பி இருக்கிறது.

ஆறு வயதுப் பல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு வயதளவில், பாற்பற்கள் எதுவும் விழாமலே, அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் இருபக்கமுமாக நான்கு பெரிய பற்கள் முளைக்கும். எதுவும் விழாதபடியால் பெற்றோர் பலர் இவற்றைப் பாற்பல் என்றே எண்ணுகிறார்கள். மேல்வாயும் கீழ்வாயும் பொருந்துவதற்கு இந்த நான்கும்தான் மூலைத் தூண்கள். பற்சீராக்கல் வைத்தியத்துக்கு அடித்தளமிட்ட அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், 1899 இல் கடியின் பொருத்தமின்மையை வகைப்படுத்தியபோது இந்தப் பல்லையே அளவுக்கு எடுத்தார். இதில் சூத்தை விழுந்து, காப்பாற்ற முடியாத நிலை வந்தால், எப்போது பிடுங்குவது என்பதிலும் கணக்கு உண்டு. 8 முதல் 10 வயதளவில் பிடுங்கினால், பின்னாலுள்ள பல் ஒழுங்காக முன்வந்து அந்த இடத்தை நிரப்ப நல்ல வாய்ப்பிருக்கிறது. அதற்குப் பிந்தினால் என் மகளுக்கு நடந்ததுபோல் சரியும். இதை முடிவெடுக்க ஒரு பல் வைத்தியர் எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் நீங்களே பார்க்கலாம்

ஏழு வயதில் ஒருமுறையும் பத்து வயதில் ஒருமுறையும் பிள்ளையை வெளிச்சத்தில் இருத்திப் பாருங்கள். கையைக் கழுவிக்கொள்ளுங்கள். எச்சிலை விழுங்கிவிட்டுப் பின்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். ஒரு கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கினால் எல்லாம் தெரியும். மேற்பற்கள் கீழ்ப்பற்களைச் சுற்றி, பெட்டிக்கு மூடிபோல், சற்று வெளியே இருக்க வேண்டும். பின்வருவனவற்றில் ஏதாவது கண்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

1. மிதப்புப் பல்: மேல் முன்பல்லின் நுனிக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் ஒரு பாடசாலைப் பென்சில் நுழையுமளவு தூரம் இருந்தால், அது ஏறக்குறைய 7 மில்லிமீற்றர். சாதாரண அளவு 2 முதல் 3 மில்லிமீற்றர்தான்.

2. மாறிய கடி: முன்னாலோ பக்கத்திலோ கீழ்ப்பல் மேற்பல்லுக்கு வெளியே நிற்பது.

3. திறந்த கடி: பின்பற்கள் கடித்திருக்க, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி இருப்பது.

4. ஆழ்ந்த கடி: கீழ் முன்பற்கள் மேலண்ணத்தில் குத்தித் தழும்பு உண்டாக்குவது.

5. வாயை மூடும்போது நாடி ஒரு பக்கம் விலகிப் போவது.

6. ஒரு பக்கத்து முன்பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கத்துப் பல் வராதிருப்பது. மேலதிகமான ஒரு பல் உள்ளே நின்று வழிமறிக்கக்கூடும்.

7. பத்து வயதில் மேல் வேட்டைப்பல் வரவேண்டிய இடத்தில், முரசின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினால் புடைப்புத் தெரியாதிருப்பது. அந்தப் பல் உள்ளே கோணலாகக் கிடந்து பக்கத்துப் பல்லின் வேரை அரிக்கக்கூடும். நேரத்தோடு கண்டால், பாதையிலுள்ள பாற்பல்லை எடுத்துவிட்டாலே அது நேராக இறங்க வாய்ப்புண்டு. பிந்தினால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

இதற்குப் பணம் தேவையில்லை. பத்து நிமிட நேரம் போதும்.

எல்லாக் கோணலும் நோயல்ல

நேரத்தோடு பாருங்கள் என்பதை நேரத்தோடு கம்பி போடுங்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சற்றுத் திரும்பிய பல், சிறு தெத்துப்பல், சிறு இடைவெளி ஆகியன சாப்பாட்டையோ பேச்சையோ பாதிக்காது. பிள்ளைக்கும் கவலையில்லையென்றால் விட்டுவிடலாம். எது அவசியம், எது அவசியமில்லை என்று தீர்மானிக்க 1989 இல் பிரித்தானியாவில் ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. அது 1 முதல் 5 வரை தரமிடுகிறது. முதலிரண்டு தரங்களுக்கும் சிகிச்சைத் தேவை இல்லை, அல்லது மிகக் குறைவு. மேற்பல் 6 மில்லிமீற்றருக்கு மேல் முன்தள்ளியிருந்தால் நான்காம் தரம். 9 மில்லிமீற்றருக்கு மேலென்றால் ஐந்தாம் தரம். இலவச வைத்தியத்தில் காத்திருப்போர் வரிசை எப்போதும் நீளமானது. அவசியமானவர்களுக்கு முதலிடம் கொடுப்பதே நீதி.

எட்டு ஒன்பது வயதில் மேல் நடுப்பற்களுக்கிடையே இடைவெளி தெரிவது பெரும்பாலும் இயல்பானது. பன்னிரண்டு வயதளவில் வேட்டைப்பற்கள் இறங்கும்போது அது தானாகக் குறையும். இந்த இடைவெளியைக் கண்டு பயந்து, இரண்டு பல்லையும் சேர்த்துச் சின்ன இறப்பர் வளையம் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பல்லின் வேர் கூம்பு வடிவம். வளையம் வழுக்கி முரசுக்குள் ஏறி, வேரைச் சுற்றியுள்ள எலும்பை அழித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு நல்ல பற்களும் ஆடத் தொடங்கும்போதுதான் தெரியவரும்.

மிதப்புப் பல்லுக்கும் இதுவரையான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்வது பயனுள்ளது. 7 முதல் 11 வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால், விழுந்தெழும்பும் பிள்ளையின் முன்பற்கள் உடைவது குறைகிறது. மற்றப்படி, பதின்ம வயதில் ஒரே தடவையாகச் செய்வதும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. ஆகவே எட்டு வயதில் காட்டியபோது வைத்தியர் “இப்ப வேண்டாம், 11 வயதில கொண்டு வாங்கோ” என்றால், அது தட்டிக்கழிப்பு அல்ல. அந்தத் திகதியை எழுதி வையுங்கள். ஆனால் மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே மாட்டி நின்றால், அதை நேரத்தோடு திருத்துவதே நல்லது. அது முரசையும் தேய்க்கும், தாடையையும் பிழையான வழியில் பழக்கும்.

விரல் சூப்பும் பிள்ளை

விரல் சூப்பும் பழக்கம் நீடித்தால் மேற்பற்கள் முன்னே தள்ளும், மேலண்ணம் ஒடுங்கும், முன்னால் கடி திறக்கும். நான்கு வயதில் விட்ட பழக்கத்தை, இடம்பெயர்ந்த பிறகு ஏழு வயதில் திரும்பத் தொடங்கிய பிள்ளைகளை என் வகுப்பிலேயே கண்டிருக்கிறேன். பயமும் புது இடமும்தான் காரணம். வேப்பெண்ணெய் பூசுவதும், மிளகாய் தேய்ப்பதும், மற்றப் பிள்ளைகள் முன்னால் பகிடி பண்ணுவதும் பயத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. படுக்கும்போது பக்கத்தில் இருந்து கதை சொல்லுங்கள். இரவில் கைக்கு ஒரு துணியுறை போடலாம். பிள்ளையே சம்மதித்தால் மட்டும். நிரந்தர முன்பல் வருவதற்கு முன், ஆறு வயதளவில் விட்டுவிட்டால் கடி பெரும்பாலும் தானாகவே சீராகும். சூப்பியைச் சீனியில் தோய்த்துக் கொடுப்பதும், இரவில் போத்தலில் இனிப்புத் தேநீர் கொடுப்பதும் இன்னொரு தீமை. பாற்பல் சூத்தையின் தொடக்கம் அங்கேதான்.

நாடியில் அடிபட்டால்

சைக்கிளில் இருந்து விழுவது, மரத்தால் விழுவது, உழவு இயந்திரத்தின் கைபிடி அடிப்பது எல்லாம் எங்கள் வாழ்க்கையில் உண்டு. பிள்ளை விழுந்து நாடி வெடித்தால் தையல் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். நாடியில் விழுந்த அடியின் வேகம், காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டுக்குப் போய்ச் சேர்வதை மறந்துவிடுகிறோம். அங்கே எலும்பு முறிந்து, கவனியாமல் விடப்பட்டால், மூட்டு இறுகிப்போகலாம். மாதங்கள் செல்ல வாய் திறப்பது குறையும். அந்தப் பக்கத்து முகம் வளராமல் ஒடுங்கும்.

அடிபட்ட பிறகு பற்கள் முன்னர்போலப் பொருந்தவில்லை, வாய் திறக்கும்போது நாடி ஒரு பக்கம் போகிறது, கீழுதடு விறைத்திருக்கிறது, நாக்குக்குக் கீழே இரத்தம் கண்டியிருக்கிறது என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். “கடி மாறிப்போச்சு” என்ற சொல்லை மறவாமல் சொல்லுங்கள். பல் முன்னர்போலப் பொருந்தவில்லை என்பதை முதலில் உணர்வது அடிபட்டவர்தான். பிறகும் சில மாதங்களுக்கு, வாய் எவ்வளவு திறக்கிறதென்று பார்த்து வாருங்கள்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய் திறக்கும்போது மூட்டில் ‘கிளிக்’ என்று சத்தம் மட்டும் வந்தால், நோவில்லையென்றால், சிகிச்சை வேண்டியதில்லை. கவலையோடு படுத்து, இரவில் பல்லை நெறுநெறுவென்று கடிப்பவர்களுக்குத் தாடை நோவு வருவதுண்டு. மெதுவான உணவு, வெந்நீர் ஒத்தடம், தாடைக்கு ஓய்வு ஆகியவற்றால் பெரும்பாலும் தணியும். இதற்காக நல்ல பற்களை அராவிக் கடியை மாற்ற வேண்டாம்.

கம்பி போடுமுன் கேட்க வேண்டியவை

சிறு பிழைகளுக்குக் கழற்றிப் போடும் தட்டு போதும். பல பற்களை நகர்த்தப் பல்லில் ஒட்டும் கம்பி வேண்டும். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், பிள்ளை வேகமாக உயரும் காலத்தில், ஏறக்குறைய 11 முதல் 14 வயதுக்குள், வளர்ச்சியைத் துணைகொண்டு திருத்தும் கருவிகள் உண்டு. அந்தக் காலம் போனால் திரும்பி வராது. தாடை எலும்பையே வெட்டிப் பொருத்தும் சத்திரசிகிச்சை கடைசி வழி. வளர்ச்சி முடிந்த பிறகே அதைச் செய்வார்கள்.

ஒட்டும் கம்பி பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம் வரை செல்லும். நாலு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை போக வேண்டும். கழற்றிய பிறகும் பல் திரும்பிப் போகாமல் தாங்குதட்டுப் போட வேண்டும். கம்பியைப் போட்டுவிட்டுப் போகாமல் விடுவது போடாமல் விடுவதிலும் மோசம். கம்பியைச் சுற்றிப் பல் சூத்தையாகும். ஆகவே தொடங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மாதாமாதம் வர எங்களால் முடியுமா? பிள்ளை ஒழுங்காகப் பல் தீட்டுமா? இடம் மாற நேர்ந்தால் வேறு வைத்தியசாலைக்குக் கடிதம் தருவீர்களா? இடம் மாறும்போது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடும் காணி உறுதியோடும் சிகிச்சை அட்டையையும் எக்ஸ்றே படத்தையும் கட்டிக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்க வேண்டியது

இந்த நாட்டில் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்றே பற்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையில் தொடங்கிய பயிற்சியின் பலன் அது. அவர்கள் பாற்பல்லை அடைப்பார்கள், ஆறு வயதுப் பல்லைக் காப்பார்கள், தேவையானவரை மேலிடத்துக்கு அனுப்புவார்கள். கொழும்பிலும் பேராதனையிலும் உள்ள அரச பல் வைத்தியசாலைகளில் பற்சீராக்கல் இலவசமாகச் செய்யப்படுகிறது. கிட்டிய பெரிய வைத்தியசாலையின் பல் பிரிவில் கேட்டால், எங்கே அனுப்பலாம் என்று சொல்வார்கள்.

குறை எங்கே? நிலையம் நிலையமாக மாறிய பிள்ளையின் பெயர் எந்தப் பாடசாலைப் பட்டியலிலும் நிலையாக இருப்பதில்லை. பரிசோதனை நாளில் அது வேறு ஊரில் நிற்கும். ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு தேடிப் போக ஏழைத் தகப்பனால் முடியாது. எனவே தனித்தனியாக முயல்வதை விட, மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ சேர்ந்து முயல்வது நல்லது. ஏழு வயதும் பத்து வயதும் ஆன பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். மேலே சொன்ன ஏழு அறிகுறிகளையும் பாருங்கள். அறிகுறி உள்ளவர்களின் பட்டியலை அதிபரிடமும் பற்சிகிச்சையாளரிடமும் கொடுத்து, ஒரு நாள் குறித்துத் தரச் சொல்லுங்கள். பத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் போனால் ஒரு வாகனச் செலவு. அந்தச் செலவை ஏற்கும்படி, உதவ வரும் நிறுவனங்களிடம் தயங்காமல் கேட்கலாம்.

“பல்லா பெரிசு?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். காணி பெரிது, வீடு பெரிது. மறுக்கவில்லை. ஆனால் இது அவற்றுக்குப் போட்டியல்ல. பல்லைக் காட்டிச் சிரிக்க வெட்கப்பட்டு, வகுப்பில் கையால் வாயை மறைத்துக்கொண்டு கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்திக்குக் கலியாணம் பேசிய நேரத்தில், அவசர அவசரமாக நாலு நல்ல முன்பல்லைப் பிடுங்கிக் கட்டுப்பல் வைத்தார்கள். பன்னிரண்டு வயதில் பார்த்திருந்தால் அந்த நாலு பல்லும் அவள் வாயில் இருந்திருக்கும்.

அந்த எட்டு வயதுப் பையனின் தாயிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, வெயில் விழும் பக்கம் திருப்பி, “ஆ” என்றார். நானும் குனிந்து பார்த்தேன். ஆறு வயதுப் பற்கள் நான்கும் சூத்தையின்றி நின்றன. மிதப்புக்குப் பென்சில் வைத்துப் பார்த்தோம், தாராளமாக நுழைந்தது. அடுத்த கிளினிக் நாளைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.